பெரியப்பாவோடு பார்த்த கடத்தல் படம்

மாசி மாதம் ஊருக்குப் போனபோது பெரியப்பா கால் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. எழுபத்தேழு வயதிலும் விடிந்தால் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிற மனிதர். மூன்று வாரம் திண்ணையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டிவி சீரியல் என்றாலே அவருக்கு ஆகாது. "கடல் வர்ற படம் ஏதாச்சும் வச்சிருந்தா போடு தம்பி" என்றார்.

என் லேப்டாப்பில் இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'ஜமைக்கா இன்' இருந்தது. 1939-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அவர் இங்கிலாந்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தின் கடைசிப் படம், அதை முடித்துக்கொண்டுதான் ஹாலிவுட்டுக்குப் போனார். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவது என்று முடிவாயிற்று. பெரியம்மா ஒரு முறத்தில் கடலையை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குத் தெற்கே, கோடியக்கரை சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். காவிரி கொண்டுவந்த மண்ணெல்லாம் கடைசியாக அடங்குகிற இடம். பாறை என்று ஒன்றை எங்கள் கரையில் தேடினாலும் கிடைக்காது. சேறும் மணலும்தான். படத்திலோ எங்கு பார்த்தாலும் பாறை. கப்பல் அதில் மோதி உடைகிற காட்சியிலிருந்துதான் கதையே தொடங்குகிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேண்டுதல் எழுத்தில் வரும். கப்பல் உடைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, உடையத்தான் போகிறது என்றால் எங்கள் கார்ன்வால் கரையில் வந்து உடையட்டும், இங்கிருக்கிற ஏழைகளுக்கு ஆகும் என்கிற பொருளில் ஒரு பழைய பிரார்த்தனை. கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. அடுத்து, பிரிட்டனில் கடலோரக் காவல் படை என்று ஒன்று ஏற்படுவதற்கு முந்தைய கதை இது என்று சொல்கிறார்கள். நான் இரண்டையும் மொழிபெயர்த்தேன். பெரியப்பா கடலையை உரித்தபடியே, "வேண்டுதல் நல்லாத்தான் இருக்கு. உடைக்கிறது யாரு, சாமியா?" என்றார்.

சரியான கேள்வி. படத்தில் உடைப்பது சாமி இல்லை. கரையில் இருக்கிற எச்சரிக்கை விளக்கை ஒரு கூட்டம் புயல் இரவில் அணைத்துவிடுகிறது. வழி தெரியாமல் கப்பல் பாறையில் ஏறுகிறது. தப்பி நீந்தி வருகிறவர்களைச் சாட்சி இருக்கக் கூடாது என்று கொன்றுபோட்டு, சரக்கை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூட்டம் தங்குகிற சத்திரத்தின் பெயர்தான் ஜமைக்கா இன். 1750-இல் கட்டிய சத்திரம், கார்ன்வாலின் பொட்டல் காட்டில் இன்றும் நிற்கிறது. பெற்றோரை இழந்த ஒரு பெண் அயர்லாந்திலிருந்து சித்தி வீட்டுக்கு என்று அங்கே வந்து சேர்கிறாள். சித்தப்பாதான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. கூட்டத்துக்குள்ளேயே ஒரு அரசாங்க அதிகாரி வேஷம் போட்டு ஒளிந்திருக்கிறான்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டு பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"கடத்தல் படம்னு சொன்னியே. இவனுங்க கடத்தல்காரனுங்க இல்ல, கொள்ளைக்காரனுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே பெரியப்பா?"

"எப்படி ஒண்ணாவும்? கொள்ளைக்காரனுக்குக் கப்பல் உடையணும். கடத்துறவனுக்குத் தோணி பத்திரமா வந்து சேரணும். கரையில வெளிச்சம் வேணும்னு அவன்தான் ரொம்ப வேண்டுவான்."

எத்தனையோ பேர் இந்தப் படத்தைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறேன். இதை யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. கார்ன்வால் கரையில் விளக்கை அணைத்தோ பொய் விளக்கு காட்டியோ கப்பலைக் கவிழ்த்ததற்கு உறுதியான சான்று மிகக் குறைவு என்றுதான் வரலாற்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். தானாக உடைந்து ஒதுங்கியதை ஊரே திரண்டு அள்ளியதற்கும், வரி கட்டாத சரக்கை இரவில் இறக்கியதற்கும்தான் சான்று ஏராளமாக இருக்கிறது. அந்த ஊர்க் கடத்தல்காரர்கள் நீளமான மூக்கு வைத்த ஒரு லாந்தர் வைத்திருந்தார்கள். வெளிச்சம் மூக்கின் முனை வழியாகக் கடல் பக்கம் மட்டும் தெரியும், பக்கவாட்டில் நிற்கிற காவலன் கண்ணில் படாது. இதைச் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். எங்கள் கரையில் அரிக்கேன் விளக்கை ஓலைக்கூடைக்குள் வைத்து, கடல் பார்த்த பக்கம் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஓலையைப் பிரித்துவிடுவார்களாம்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் பாதி தெரிந்த விஷயம்தான். அன்று இரவு மீதிப் பாதியை அவரே சொன்னார். 1970-ஐ ஒட்டி இரண்டு மூன்று வருடம் அவர் சுமை தூக்கியிருக்கிறார்.

படங்களில் கடத்தல் படகு நேராகக் கரையில் வந்து முட்டும், தலைவன் குதித்து இறங்குவான். எங்கள் கடலில் அது நடக்காது. தண்ணீர் ஆழமில்லை. சரக்கு ஏற்றிய வத்தைப் படகு நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுவிடும். அங்கிருந்து கரைக்கு ஆள் நடந்துதான் கொண்டுவர வேண்டும். வாடை ஓய்ந்து கடல் தகடு மாதிரிக் கிடக்கிற மாசி, பங்குனியில் அமாவாசையை ஒட்டிய நாலைந்து இரவுகள். சாயங்காலம் ஒருவர் வந்து, "இன்னிக்கு உப்பு அள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதுதான் செய்தி. உப்பளத்தில் வேலை செய்கிற ஊரில் அந்த வார்த்தையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மூட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, சாக்கில் தைத்து வரும். உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது. கனத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்களாம். கிராம்பு என்றால் சாக்கையும் மீறி வாசனை வரும். நைலக்ஸ் புடவை பெரிதாக இருக்கும், கனம் இருக்காது. டிரான்சிஸ்டர் பெட்டி கழுத்தை அழுத்தும். சின்னதாக இருந்தும் கனத்தால், அதைத் தூக்குகிறவனுக்குப் பின்னாலேயே ஒரு ஆள் நடந்து வருவான். இங்கிருந்து இலங்கைக்குப் போனது பீடி இலையும் லுங்கியும் புடவையும்.

"தண்ணியில நடக்கிறது பெரிசில்ல. சேத்துல நடக்கிறதுதான் வேலை" என்றார். குதிகாலை முதலில் வைத்தால் கால் புதைந்துவிடும். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விரல்களை விரித்து, ஒரு காலை முழுவதும் உருவிய பிறகுதான் அடுத்த காலுக்கு எடை மாற்ற வேண்டும். தலையில் மூட்டை. பேசக் கூடாது, இருமக் கூடாது, பீடி கூடாது. கரை ஏறினால் வைக்கோல் வண்டி நிற்கும். மாட்டுக் கழுத்தில் சலங்கையைக் கழற்றியிருப்பார்கள். வைக்கோலுக்கு நடுவில் மூட்டைகளைச் செருகி, மேலேயும் வைக்கோலைப் போட்டுக் கயிறு கட்டிவிடுவார்கள். அறுவடை முடிந்த தஞ்சாவூர்ச் சீமையில் ஊருக்குப் பத்து வைக்கோல் வண்டி ஓடும், அதில் இது பதினொன்று. விடியற்காலை அவர் உப்பளத்தில் வரப்பு கட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு இரவுக்கு ஒரு வாரக் கூலி கிடைக்கும். அந்தக் காசில்தான் என் அப்பா திருத்துறைப்பூண்டியில் விடுதியில் தங்கிப் படித்தார். இதை எழுதும்போது எனக்கு வெட்கம் வரவில்லை. பெரியப்பாவுக்கும் வரவில்லை. தப்பு என்று அவருக்குத் தெரியும். பசி என்றும் தெரியும்.

படத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்கு மேலே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். ஊர் நியாயாதிபதி, சீமான். சார்லஸ் லாட்டன் நடித்திருக்கிறார். விருந்தாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் அழகான குதிரையைச் சாப்பாட்டுக் கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லிக் காட்டுவார். அந்தக் காட்சி முடியும் முன்பே பெரியப்பா சொல்லிவிட்டார்: "இவன்தான்டா முதலாளி. குதிரையச் சோறு திங்கிற எடத்துக்குக் கொண்டாறச் சொல்றான்னா காசு எங்கேருந்து வருது?"

உண்மையும் அதுதான். சரக்கு எல்லாம் கடைசியில் அவருக்குப் போகிறது. தங்களுக்குக் கிடைப்பது போதவில்லை என்று கூட்டத்தில் முணுமுணுப்பு, யாரோ திருடுகிறான் என்று ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். டாஃப்னே டு மாரியே 1936-இல் எழுதிய மூல நாவலில் இந்த வில்லன் ஒரு பாதிரியார். பாதிரியாரைக் கெட்டவராகக் காட்ட அமெரிக்கத் திரைத் தணிக்கை விதிகள் இடம் தராது என்பதால் சீமான் ஆக்கினார்கள். லாட்டன் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. அவரை அதிக நேரம் காட்ட வேண்டியிருந்ததால் மர்மம் சீக்கிரமே உடைந்துவிடுகிறது என்று விமர்சகர்கள் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. முதலாளி யார் என்பது எந்தக் கடற்கரையிலும் மர்மம் இல்லை. தெரிந்துகொண்டே எல்லாரும் வேலை செய்கிறார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கரையில் அப்படி என்னதான் கடத்தினார்கள்? பிராந்தி, புகையிலை, தேயிலை. தேயிலைக்கு 100 சதவீதத்துக்கும் மேல் வரி இருந்தது. 1784-இல் அதை 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள், தேயிலைக் கடத்தலின் முதுகெலும்பு முறிந்தது. இன்னொரு சரக்கு உண்டு. அதைப் படித்தபோது எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. இந்தியாவிலிருந்து போன அச்சடித்த பருத்தித் துணி. அங்கே உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் போராடி, 1700-இல் அதன் இறக்குமதிக்குத் தடை வாங்கினார்கள். 1721-இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் வந்தது, 1774 வரை இருந்தது. பிரான்ஸிலும் 1686 முதல் 1759 வரை தடை. தடை வந்ததும் துணி தோணி ஏறிவிட்டது. அப்போது நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது, 1658 முதல் 1781 வரை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். சோழமண்டலக் கரைத் துணி அவர்கள் கப்பல்களில் ஐரோப்பா போனது, அங்கிருந்து ஒரு பங்கு இருட்டில் ஆங்கிலக் கரை ஏறியது. நம் பக்கத்துத் தறியில் நெய்து, நம் பக்கத்துச் சாயத்தில் தோய்த்த துணியை ஏதோ ஒரு ஆங்கிலக் கூலி தலையில் சுமந்து சேற்றில் நடந்திருக்கிறான்.

பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவனுக்கு என்ன கூலி கொடுத்தாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

எது கடத்தல் என்பதைக் கடல் முடிவு செய்வதில்லை, சட்டம்தான் முடிவு செய்கிறது. எங்கள் ஊரில் இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து, 30-ஆம் தேதி வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளியில் ஒரு பிடி உப்பு அள்ளினார், கைதானார். சேற்றில் தானாக விளைந்து கிடக்கிற உப்பை அள்ளுவது அன்றைக்குக் குற்றம். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்றார்கள். 14 காரட்டில் தாலி செய்யச் சொன்னால் எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? 1968-இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே ஆனது. 1990-இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள், 1992-இல் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று விட்டார்கள். தங்கத் தோணிகள் குறைந்துபோயின. 2020-ஐ ஒட்டி இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் எங்கள் சமையல்கட்டு மஞ்சள் மூட்டை மூட்டையாகக் கடற்கரையில் பிடிபட்டது. பெரியம்மா அன்றைக்கு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாராம்.

காவல் படை என்பதும் இதன் மறுபக்கம்தான். பிரிட்டனில் கோஸ்ட் கார்ட் 1822-இல் அமைந்தது. சொந்த ஊரில் ஆளைப் போட மாட்டார்கள், உறவுக்காரனைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வான் என்று. நம் நாட்டில் கடத்தல் கட்டுக்கு அடங்காமல் போனதால் 1974-இல் காவல்துறை அதிகாரி ருஸ்தம்ஜி தலைமையில் குழு போட்டார்கள். 1977 பிப்ரவரி 1-இல் கடற்படை கொடுத்த 2 போர்க்கப்பல், 5 ரோந்துப் படகோடு தற்காலிகமாகத் தொடங்கி, 1978 ஆகஸ்டில் சட்டப்படி இந்தியக் கடலோரக் காவல் படை ஆனது. வரியைக் காப்பாற்றப் பிறந்த படை என்றாலும், அவசரத்தில் 1554-ஐ அழைக்கிற மீனவனைத் தேடிப் போவதும் அதே படைதான். இந்த இரண்டாவது வேலையைக் கடத்தல் படங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. துரத்துவதில் இருக்கிற விறுவிறுப்பு தேடுவதில் இல்லை போலிருக்கிறது.

பெரியப்பா சுமை தூக்குவதை நிறுத்தியது ஒரு பங்குனி இரவில். எட்டுப் பேர் தண்ணீரில் இருந்தார்கள். சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து டார்ச் வெளிச்சம். மூட்டைகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சதுப்பில் கழுத்து வரை இறங்கி விடியும்வரை நின்றாராம். அவரோடு உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர் பிடிபட்டார். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். முதலாளி மேல் ஒரு தூசி விழவில்லை. அவர் அந்த வருடமும் கோயில் தேருக்கு வடம் பிடித்தார்.

"அவன் பொண்டாட்டிக்கு யாரும் அஞ்சு பைசா குடுக்கல" என்றார். அந்த இடத்தில் அவர் குரல் மாறியது. ஐம்பது வருடம் ஆகியும்.

அதற்கப்புறம் மீன்பிடிக்கப் போனார். 1990-க்குப் பிறகு ஒரு ஆனி மாதம். மோட்டார் வைத்த வள்ளத்தில் நாலு பேர். மோட்டார் நின்றுவிட்டது. கச்சான் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போனது. இரண்டு இரவு. குடிதண்ணீர் முதல் நாளே தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை ஒரு வெள்ளைக் கப்பல் கண்ணில் பட்டது. மற்ற மூன்று பேரும் வேட்டியை அவிழ்த்து வீசினார்கள். பெரியப்பா அமரத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"கையில ஒண்ணுமில்ல. வலையும் நாலு கிலோ மீனும்தான் இருந்துச்சு. இருந்தாலும் அரசாங்கப் படகைப் பார்த்ததும் உடம்பு தானா குனிஞ்சிருச்சு."

கப்பலிலிருந்து கயிறு வீசினார்கள். இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது தடவை கயிறு அவர் மடியிலேயே வந்து விழுந்தது. மேலே ஏறியதும் ஒரு பையன், இருபது வயது இருக்குமாம், தமிழ் தெரியாதவன், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். பிறகு உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி. இதைச் சொல்லும்போது அந்தப் பையன் டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைக் கையால் செய்து காட்டினார்.

நேரம் ஆகிவிட்டதால் மீதிப் படத்தை மறுநாள் இரவு பார்த்தோம். அந்தப் பெண் தப்பி ஓடி, அணைத்துப்போட்ட கரை விளக்கை மறுபடி ஏற்றுகிறாள். கப்பல் திசை மாற்றிப் பிழைக்கிறது. சரக்கு போன கோபத்தில் கூட்டம் அவளைக் கொல்லப் பார்க்கிறது. இத்தனை நாள் கொடுமைக்காரனாக இருந்த சித்தப்பாவே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார், முதுகில் குண்டு வாங்குகிறார். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், காலில் கட்டு இருப்பதையே மறந்துவிட்டார். சீமான் கடைசியில் கப்பல் பாய்மரத்தின் உச்சியில் ஏறிக் குதிப்பதை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. படம் முடிந்ததும் எழுந்திருக்கவும் இல்லை.

"மொதல்ல வந்துச்சே, சரக்கு தூக்குற எடம். அத மறுபடி போடு."

போட்டேன். அலை, இருட்டு, பெட்டிகளையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு கரையேறுகிற ஆட்கள். பெயர்ப் பட்டியலில் இல்லாத துணை நடிகர்கள். லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்த படம், அவர்கள் மேல் அடித்தது கடல்தானா, தொட்டித் தண்ணீரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய், ஓரத்தில் போகிற ஒருவனை விரலால் தொட்டார். முகம் தெரியவில்லை. முதுகில் சுமை.

"இவன நிறுத்து. கால எப்படி வைக்கிறான் பாரு. இவன் தூக்கியிருக்கான்."